கிணற்றில் இறங்கிய தோல்

மதுராந்தகத்தில் ரயிலேறிச் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் தோழர்கள் தினமும் குரோம்பேட்டையைக் கடக்கிறீர்கள். அந்தப் பெயர் சாமியிடமிருந்தோ ஜமீனிடமிருந்தோ வந்ததல்ல. 1912 வாக்கில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரம் பக்கம் நடத்திய குரோம் தோல் கம்பெனியிலிருந்து வந்தது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் தொழில் நிறுவனமும் கைகோப்பது ஏதோ புதுமை என்பதுபோல இன்று ஒப்பந்த விழாக்கள் நடக்கின்றன. நம் பகுதியில் அந்த உறவுக்கு நூறு வயதுக்கு மேல். ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். அது தனி நிறுவனமாக வளர்ந்தது. 1903 வாக்கில் குரோம் பதனிடுதலில் இறங்கினார். அதன் முதல் பயன்களில் ஒன்று பூட்ஸ் அல்ல, கவலை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் தோல் சால். பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் கெடும், குரோம் தோல் தாங்கும்.

சாட்டர்டனுக்கு முன் அந்தத் தோலை யார் பதனிட்டார்கள், யார் தைத்தார்கள்? சேரியில் இருந்தவர்கள். சுண்ணாம்பில் எத்தனை நாள், ஆவாரம் பட்டையில் எத்தனை நாள் என்று விரலால் தொட்டே சொன்னவர்கள். அதற்குச் சாதித் தொழில் என்று பெயர் வைத்தார்கள். பொருளறிவியல் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் தைத்த தோல் நாள் முழுக்க ஊரார் கிணற்றில் இறங்கி ஏறியது. தைத்தவர் அந்த ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் மொள்ள முடியாது. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். (படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தத் தீர்மானத்தைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?)

சாட்டர்டனின் முயற்சி நீடிக்கவில்லை. அரசு தொழில் நடத்தக் கூடாது என்று ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்திய அமைச்சர் மார்லி தடுத்தார். குரோம் பிரிவு ரேவா சமஸ்தானத்துக்குக் கைமாறியது.

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. பக்கத்திலேயே அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. தோல் தொழில்நுட்பப் படிப்பை இரண்டும் சேர்ந்தே நடத்தின. 1958இல் இயக்குநரான நாயுடம்மா ஆய்வுக்கூடத்தைத் தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் கொண்டுபோனார். நாட்டிலேயே வெற்றிகரமான கூட்டுறவுகளில் ஒன்று அது, குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அதில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். தோலைத் தொடாத சாதிகளின் பிள்ளைகளும் தோலைத் தொட்டுப் பட்டம் வாங்கினார்கள். அவர்களுக்குத் தீட்டு ஒட்டவில்லை, வேலை கிடைத்தது. தலைமுறையாகத் தொட்டவர்களில் பெரும்பாலோர் சுண்ணாம்புக் குழியருகே தினக்கூலியாகவே நின்றார்கள். ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம் கையெழுத்துப் போட்ட தாளில் அவர்களுக்கு இடமே இல்லை.

கழிவு மட்டும் அவர்கள் பங்குக்கு வந்தது. பாலாறு கெட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் கடுமையாகத் தலையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவின. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள்.

மூலிகை போன்ற உயிரியல் வளங்களைப் பற்றிய பாரம்பரிய அறிவுக்குப் பலனில் பங்கு உண்டு என்று 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டம் சொல்கிறது. தோலைப் பற்றிய கையறிவுக்கு அப்படிப் பங்கு கேட்டு நாம் இன்னும் வலுவாகப் பேசவில்லை.

இன்று பழைய மாமல்லபுரம் சாலையில் தையூர் வரை ஐஐடியின் ஆய்வு வளாகம் நீண்டிருக்கிறது. உங்கள் அரசுப் பல்கலைக்கழகத் துறையிலும் ஏதாவது ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கலாம். 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். ஒப்பந்த நகலைக் கேளுங்கள். காப்புரிமை யார் பெயரில், திட்டத்தில் வேலைக்கு எடுத்த ஆய்வாளர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், ஆய்வுக்கூடத்தைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கையுறை உண்டா என்று தனித்தனிக் கேள்வியாக எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.