எட்டுவழிச் சாலை வழக்கும் நிலவுரிமைப் பதிவும்: சேலம் சமவெளியை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்தில் சாலைக்காக நிலம் எடுக்கப்பட்ட வரலாற்றில் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கு தனியிடம் பெறுகிறது. பாரத்மாலா திட்டத்தின்கீழ் 2018இல் அறிவிக்கப்பட்ட இச்சாலையின் நீளம் 277.3 கி.மீ.; மதிப்பீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய 5 மாவட்டங்களின் வழியே வகுக்கப்பட்ட இதன் சேலம் முனை அரியானூர். கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டிக்கு வடக்கே, சேலம்–கோவை நெடுஞ்சாலையில் அவ்வூர் அமைந்துள்ளது. இவ்வழக்கு பெரிதும் சுற்றுச்சூழல் வழக்காகவே பேசப்படுகிறது. எனினும் நில உரிமையாளருக்குச் சாதகமாக இறுதிவரை நிலைத்த கூறு வருவாய்ப் பதிவேடு பற்றியதே என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

சட்டப் பின்புலம்

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. நிலம் எடுப்பதற்கான தனி நடைமுறை அதில் 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்டது. இந்நடைமுறையில் 3ஏ பிரிவின் அறிவிக்கை நிலம் எடுக்கும் கருத்தை மட்டுமே வெளியிடுகிறது. 3சி பிரிவின்படி 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 3டி பிரிவின் அறிவிக்கை வெளியான பின்னரே நிலம் மத்திய அரசைச் சேரும். 3ஏ அறிவிக்கை வெளியான ஓராண்டுக்குள் 3டி அறிவிக்கை வெளிவராவிடில் முன்னது செயலிழக்கும். நீதிமன்றத் தடை நீடிக்கும் காலம் இக்கணக்கில் சேராது.

2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆயின் அதன் 105ஆம் பிரிவு, நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களுக்கு விலக்களித்தது. 2015இல் பிறப்பிக்கப்பட்ட மத்திய அரசின் ஆணை, இழப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றை மட்டும் அச்சட்டங்களுக்கும் நீட்டித்தது. எனவே நெடுஞ்சாலைக்கு நிலம் இழப்பவருக்கு உயர்ந்த இழப்பீடு கிடைத்தது. சாலை வேண்டுமா என்னும் முன்கட்ட விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை. நீதிமன்றமே அவ்விவாதத்தின் களமாயிற்று.

இரு தீர்ப்புகள்

2019 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு 3ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தது. இத்திட்டத்திற்குச் சுற்றுச்சூழல் முன்னனுமதி கட்டாயம் என்றும் அது பெறப்படவில்லை என்றும் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. 3டி நிலையை எட்டும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்களையும் சட்டவிரோதமெனக் கண்டு, 8 வாரங்களுக்குள் பழைய பதிவுகளை மீட்டளிக்குமாறு ஆணையிட்டது.

மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 8 அன்று நீதிபதி ஏ.எம். கான்வில்கர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 3ஏ அறிவிக்கைகளைச் செல்லுபடியாக்கியது. நிலம் எடுக்கும் கருத்தை அறிவிப்பதற்கு முன்னனுமதி தேவையில்லை. சாலைப்பணி தொடங்குமுன் அது தேவை என்பது அதன் நிலைப்பாடு. முதலில் சென்னை–மதுரை எனக் குறிக்கப்பட்டிருந்த தடம் சென்னை–சேலமாக மாற்றப்பட்டதும் ஏற்கப்பட்டது. பதிவேட்டு மாற்றம் செல்லாது என்ற உயர் நீதிமன்ற முடிவு மட்டும் உறுதிசெய்யப்பட்டது.

இம்முடிவைச் சிறிய ஆறுதலாகக் கருதுவது பொருந்தாது. மரவள்ளியும் தென்னையும் பயிராகும் இச்சமவெளியில் பட்டாவும் சிட்டாவும் வெறும் தாள்கள் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறவும், நிலத்தை அடமானம் வைக்கவும், விற்கவும் அவையே சான்று. நிலம் எடுக்கப்படும் முன்பே பெயர் நீக்கப்பட்டால், உழுபவர் தம் நிலத்தில் நின்றுகொண்டே உரிமையற்றவராகிறார். ஆட்சேபம் கேட்கும் நடைமுறையும் பொருளிழக்கிறது.

முடிவுரை

சாலையின் தேவை, தடம், அறிவிக்கை வெளியிடும் காலம் ஆகியவற்றில் அரசின் அதிகாரம் இவ்வழக்கால் வலுப்பெற்றது. கருத்தை அறிவிப்பது உரிமையை மாற்றுவதாகாது என்னும் எல்லையும் அதே வழக்கில் உறுதிப்பட்டது. நிலம் எடுப்பு வரலாற்றை எழுதுவோர் தீர்ப்புகளோடு கிராமக் கணக்குகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து நெடுஞ்சாலைகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு நீடிக்கும்வரை, இத்தகைய வழக்குகளின் காரணமும் நீடிக்கும்.