கியர் எண்ணெய்க் குளிர்விப்பான்

தானியங்கி கியர் பெட்டியில் சுழலும் எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் சாதனம் கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் ஆகும். பார்வைக்குச் சிறிய ரேடியேட்டர் போல இருக்கும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1940 மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரமேட்டிக் என்னும் தானியங்கி கியரைத் தந்தது. 1954 இல் அது செவர்லே பிக்கப் வண்டிகளிலும் கிடைத்தது. இதில் இயந்திரத்தின் விசை எண்ணெய் வழியே கடத்தப்படுகிறது. பாரம் இழுக்கும்போது எண்ணெய் மிகவும் சூடாகும். சூடு மிஞ்சினால் எண்ணெய் கருகும், கிளட்ச் தகடுகள் தேயும்.

முன்பு இவ்வெண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயும் சேர்க்கப்பட்டது. 1970 இல் அமெரிக்கா அவ்விலங்கை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தபின் மாற்றுக் கலவைகள் வந்தன. அவற்றுள் ஒன்று குளிர்விப்பானின் பற்றவைப்பையே அரித்ததால், அரிப்புத் தடுப்பி சேர்க்க நேர்ந்தது.

பெரும்பாலான வண்டிகளில் குளிர்விப்பான் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அங்குள்ள நீரும் சூடானதே. எனவே பாரவண்டி இழுக்கும் பழைய பிக்கப்புகளில், காற்றுப்படும்படி ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொன்றைப் பொருத்துகின்றனர். எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்கும், அடுத்து புதிய குளிர்விப்பானுக்கும் சென்று, பின் கியர் பெட்டிக்குத் திரும்பும். பொருத்துமுன் பழைய தொட்டியையும் சோதிக்க வேண்டும். அதன் உட்குழாய் அரித்திருந்தால் நீர் எண்ணெயில் கலந்து கியர் பெட்டியே பாழாகும்.