தட்டுப்பாட்டில் பிறந்த வண்டி

பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கித் திருத்தி, லீவு நாளில் மீமுரைக்கோ ஓஹியாவுக்கோ ஏற வேண்டும் என்ற ஆசை எங்கள் பகுதி இளைஞர்களிடம் கூடிக்கொண்டு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அந்த வண்டியின் வரலாற்றைக் கொஞ்சம் வாசித்துவிடுவோம். ஏனென்றால் அதில் எது கறள் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை 1947 இலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் வந்தது அமெரிக்க ஜீப். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கொம்பனிகளும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவை உலகமெங்கும் விலைப்பட்டன. அப்படி ஒன்று ரோவர் கொம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸிடம் போய்ச் சேர்ந்தது. வேல்ஸின் அங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அதை ஓட்டிய அவர், இதுபோல் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று யோசித்தார். மாதிரி வண்டி ஜீப்பின் செசியிலேயே கட்டப்பட்டது. அதன் ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதன் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 80 அங்குலம், ஜீப்புக்கு இருந்த அதே அளவு.

இனி முக்கியமான விடயம். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்கு தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவரும் கொம்பனிகளுக்கே அரசாங்கம் உருக்கைப் பங்கிட்டுக் கொடுத்தது. அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே பொடியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். வளைவுகளைக் குறைத்து, தட்டையான தகடுகளாக அமைத்தார்கள். செசியை மட்டும் உருக்குத் தகடுகளை வெல்டிங் செய்து பெட்டி வடிவில் கட்டினார்கள்.

அந்தத் தட்டுப்பாட்டின் பலனையும் பாதிப்பையும் இன்று நாங்கள் அனுபவிக்கிறோம். அலுமினியப் பொடி எழுபது வருடம் கழிந்தும் கறள் பிடிக்காமல் மினுங்கும். அதற்கு அடியில் உருக்குச் செசி உள்ளிருந்து உக்கிக்கொண்டிருக்கும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். எங்களைப் போலக் கடற்கரையோரத்தில் வாழ்பவர்கள் இதை மறக்கவே கூடாது. புதுப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்து மயங்குபவர் பொடியைத்தான் பார்க்கிறார். பார்க்க வேண்டியது செசியை.

ஜீப்பின் இன்னொரு கிளை இந்தியாவில் வளர்ந்தது. எங்கள் வீதிகளிலும் யால, குமண சபாரியிலும் ஓடும் மஹிந்திரா ஜீப்புகள் அந்த வழியில் வந்தவை. அந்தக் கொம்பனி 1945 இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முகம்மது'. பங்காளிகளில் ஒருவரான மாலிக் குலாம் முகம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய், அந்த நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பிறகு ஆளுநர் நாயகமாகவும் ஆனார். கொம்பனியின் பெயரும் மாறியது.

இலங்கையில் இந்த வண்டிகளைத் தோட்டத் துரைமாரும் அரச திணைக்களங்களும் பாவித்தார்கள். பிறகு அவை கைமாறிக் கைமாறி விவசாயிகளிடமும் வியாபாரிகளிடமும் வந்தன. ஒரு வண்டியின் வயதை இலக்கத்தகடே ஓரளவு சொல்லிவிடும். ஆங்கில எழுத்து இருந்தால் 1957 க்கு முந்திய பதிவு. அந்த வருடம்தான் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. அந்த ஓர் எழுத்துக்காக இந்த நாட்டில் எவ்வளவு போராட்டமும் கலவரமும் நடந்தன என்பது எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். இன்று 'ஸ்ரீ' நம்பர் வண்டி என்றால் விலை கூடுகிறது!

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. புது வாகனம் வருவது அரிது, உதிரிப்பாகமும் அரிது. அப்போது கராஜ் காக்காமார் இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். ஸ்பிரிங் தகட்டை அடித்து வளைத்தார்கள், தேய்ந்ததைக் கடைசல் பட்டறையில் செய்து போட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றபோதும் இதே கதைதான். தட்டுப்பாட்டில் பிறந்த வண்டியை எங்கள் தட்டுப்பாட்டில் காப்பாற்றியவை இந்தக் கைகள்.

ஆகவே வாங்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள்.

பின் குறுக்குச் சட்டத்தையும் முன் இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் தட்டையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே உக்கல். எஞ்சினைத் திருத்துவது இலகு, செசியைத் திருத்துவதுதான் பெருஞ்செலவு.

செசியில் பொறித்த இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா? ஒரு வண்டியின் புத்தகம், இன்னொன்றின் செசி, மூன்றாவதன் பொடி என்று கூட்டிக் கட்டியவையும் சந்தையில் உண்டு. ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால், அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பழைய ஆணிகளின் மரை பிரித்தானிய அளவில் இருக்கும், பிந்தியவற்றில் அமெரிக்க அளவு, மாற்றிய ஜப்பான் எஞ்சினில் மில்லிமீற்றர். கையில் கிடைத்த ஆணியை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

சீரிஸ் 2, சீரிஸ் 3 வண்டிகளில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புப் பிடியைப் பின்னால் இழுத்தால் மெதுவான, பலமான கியர். இவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிபரன்சியல் இல்லை. ஆகவே தார் வீதியில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் அச்சு முறுகி ஒடியலாம். சேற்றுக்கும் மணலுக்கும் மட்டுமே அதைப் போடுங்கள்.

தண்ணீரில் இறங்குமுன் கிளச் உறையின் அடியில் உள்ள சிறு துளைக்கு அடைப்பாணி போட வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். பிறகு டிபரன்சியல் ஒயிலைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

ஆனால் இது வெள்ளத்தில் இறங்குவதற்கான வண்டி அல்ல. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே புரட்டியது, மத்ரஸா மாணவர்களின் உயிர்கள் போயின. அதைப் பார்த்த பின்னும் 'உயரமான வண்டிதானே' என்று ஓடும் வெள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது. பாய்ந்து ஓடும் நீர் பாரமான வண்டியையும் தள்ளிவிடும்.

கடைசியாக ஒன்று. சோலிஹல் தொழிற்சாலையில் அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று வெளிவந்தது. உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது, திருத்தும் கைகள்தான் குறைகின்றன. கராஜ் காக்காமாருக்கு வயது போகிறது, அவர்களிடம் பழகிய பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். அவர்கள் அறிந்தது எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு அதுவும் போய்விடும்.

வண்டி வாங்குபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு நிற்கும் ஒரு பிள்ளையையும் கூட்டிப் போங்கள். காக்கா எதைத் தொட்டுப் பார்க்கிறார், எந்தச் சத்தத்துக்கு என்ன சொல்கிறார் என்பதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பி எங்கள் ஊரின் சொத்தாக இருக்கும்.