எட்டு நாட் பதவி

இத்தாலியின் மிலான் நகரிலே, 1778ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட லா ஸ்காலா என்னும் இசைநாடக அரங்கு இருக்கின்றது. அங்கே பாடுவதையும் வாசிப்பதையும் பெரும்பேறாகக் கருதாத மேனாட்டுக் கலைஞர் அரியர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அவ்வரங்கின் இசைப் பொறுப்பு, 36 வயதே நிரம்பிய கூயிதோ கந்தெல்லி என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பதவி அவரிடம் எட்டு நாள்களே இருந்தது.

வாத்தியக் குழுவின் முன் கோலேந்தி நிற்பவரை வெறுந் தாளங்காட்டுபவர் என எண்ணுவோர் உளர். அத்தனை ஒலிகளுள் எது ஓங்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்று தீர்மானிப்பவர் அவரே. இசைநாடகத்திலோ அவர் பாடு இன்னும் கடினம். மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலே குழு அமர்ந்திருக்கும். மேலே பாடகர் நடித்தபடி பாடுவர். பாடகரின் மூச்சு ஒரு கணம் நீண்டால், கீழுள்ள வாத்தியங்கள் யாவும் அவருக்காகக் காத்திருத்தல் வேண்டும். நரை தோன்றிய பின்னரே பலர் இத்துறையிற் பெயர் பெறுவதற்குக் காரணம் இதுவே.

கந்தெல்லி 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் நொவாரா என்னும் ஊரிற் பிறந்தார். மிலான் இசைக் கல்லூரியிற் பயின்று, 1943இல் தம் ஊர் அரங்கிலேயே இசை நடத்தத் தொடங்கினார். போர் குறுக்கிட்டது. நாற்சிகளுக்குத் துணைபோக மறுத்தமையால் அவர் தொழிலாளர் முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கே கடுமையாக நோயுற்றார். போர் முடிந்த 1945இலேயே லா ஸ்காலா வாத்தியக் குழுவை நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

1948இல் அவரது நிகழ்ச்சியொன்றை முதியவர் ஒருவர் கேட்டார். அவரே ஆர்த்தூரோ தொஸ்கானினி. பத்தொன்பது வயதில், செலோ வாசிக்கும் இளைஞராக ரியோ நகருக்குச் சென்றிருந்தபோது, எதிர்பாராத நெருக்கடியொன்றில் 'அயீதா' இசைநாடகம் முழுவதையும் நினைவிலிருந்தே நடத்திப் புகழடைந்தவர் அவர். இளைஞரின் ஆற்றலை இனங்காண அவருக்கு நெடுநேரம் வேண்டியிருக்கவில்லை. 1949 ஜனவரியில் நியூயோர்க்கிலே, தமது வானொலி வாத்தியக் குழுவைக் கந்தெல்லியின் கையிற் கொடுத்தார். இத்துணைத் திறமை வாய்ந்த இளைஞர் ஒருவரைத் தம் வாழ்நாளிற் கண்டதில்லை என அவருடைய மனைவிக்கும் எழுதினார்.

அன்று முதல் பத்திரிகைகள் அவரைத் தொஸ்கானினியின் வாரிசு என்றே அழைத்தன. அப்பட்டம் அவருக்கு உதவியது போலவே பாரமாகவும் இருந்திருத்தல் வேண்டும். அவர் எதனையும் எளிதிற் பெற்றவரல்லர். இசைக் குறிப்பை நாள்தோறும் வருந்திக் கற்று, ஒத்திகைகளைக்கூட நினைவிலிருந்தே நடத்துவார். சிறு பிசகிற்கும் பொறாது, மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்வார். இலண்டன் பில்ஹார்மோனியா குழுவுடன் அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளில் அவ்வுழைப்பின் தெளிவைக் கேட்கலாம். 1956இல் அவர்கள் பதிவுசெய்யத் தொடங்கிய பேதோவனின் ஐந்தாம் சிம்பொனியில் முதற்பகுதி மட்டும் பதிவாகவில்லை. எஞ்சிய மூன்று பகுதிகளே இன்று உள்ளன.

இசைநாடகத்துறையில் அவர் விட்டுச்சென்றது அதனினும் குறைவு. மொஸார்ட் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 1956இன் ஜனவரியில், லா ஸ்காலாவை அடுத்த சிற்றரங்கிலே அவருடைய 'கொசி பான் துத்தே'யைக் கந்தெல்லி நடத்தினார். அதன் ஒலிப்பதிவு இன்றும் கேட்கக்கிடைக்கின்றது. லா ஸ்காலாவின் பொறுப்பு அவரை நாடியதற்கு இந்நிகழ்ச்சியின் வெற்றியும் ஒரு காரணம் எனலாம்.

நியமனத்தின் பின் தம் ஊராகிய நொவாராவில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்திவிட்டு, நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டார். நவம்பர் 24ஆம் நாள் பாரிஸின் ஓர்லி நிலையத்தினின்றும் எழுந்த விமானம் சிறிது தொலைவிலேயே வீழ்ந்து நொறுங்கியது. இறந்தோருள் கந்தெல்லியும் ஒருவர். அவருடைய மகன் அப்பொழுது கைக்குழந்தை.

89 வயதினராய் நியூயோர்க்கில் நலிவுற்றிருந்த தொஸ்கானினிக்கு இச்செய்தியை வீட்டார் தெரிவிக்கவில்லை. 1957 ஜனவரி 16ஆம் நாள் அவரும் காலமானார்.

பின்னர் கந்தெல்லியின் பெயரால் இளம் இசை நடத்துநருக்கான போட்டியொன்று நொவாராவில் நிறுவப்பட்டது. 1967இல் அதிற் பரிசுபெற்ற ரிக்கார்தோ முத்தி என்னும் இளைஞர், 1986இல் லா ஸ்காலாவின் இசைப் பொறுப்பை ஏற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் அதனை வகித்தார்.