369 மார்க்கும் 12 சீட்டும்: செண்பகம் துரைராஜன் வழக்கை முழுசா படிச்சப்போ

இன்னைக்கு ஒரு கோர்ட் தீர்ப்பைப் பத்திப் பேசப்போறோம். பயந்துடாதீங்க, சின்னத் தீர்ப்புதான். ஆனா அதைப் படிக்காமலேயே பேசுறவங்கதான் அதிகம். போன மாசம் வரைக்கும் நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்.

ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நாள் பேச்சு வழக்கம்போல ரிசர்வேஷன் பக்கம் திரும்பிச்சு. என் டீம்ல இருக்கிற நண்பன் சொன்னான்: "1951லயே சுப்ரீம் கோர்ட் இது தப்புன்னு சொல்லிடுச்சு. அரசியல்வாதிங்கதான் சட்டத்தையே மாத்திட்டாங்க." அடுத்த கேள்வி என்னைப் பார்த்து: "ஆமா, நீ எந்தக் கோட்டா?" நான் யோசிக்காம, "நான் ஓசி லிஸ்ட்லயே வந்துட்டேன்டா"ன்னு சொன்னேன். உண்மைதான். ஆனா அந்த பதிலை அவ்வளவு அவசரமா சொன்னது எனக்கே பிடிக்கல. எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி. அப்பா அந்த சர்டிஃபிகேட்டுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தார்னு எனக்குத் தெரியும். அதை விட்டுட்டு 'ஓசி'ங்கிறதை மட்டும் பதக்கம் மாதிரி ஏன் எடுத்துக் காட்டினேன்? அன்னைக்கு ராத்திரிதான் தீர்ப்பை எடுத்து வெச்சுப் படிச்சேன்.

முதல்ல பின்னணி. 1916இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கைக்குப் பின்னால் இருந்தது வெறும் கோபம் இல்லை, கணக்கு. 1912 நிலவரப்படி சென்னை மாகாணத்தில் துணை ஆட்சியர்களில் 55 சதவிகிதமும், மாவட்ட முன்சீப்களில் 72.6 சதவிகிதமும் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவிகிதம். 1921இல் நீதிக்கட்சி அரசு முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டது. அதுதான் நாம கம்யூனல் ஜி.ஓ.ன்னு சொல்றது. அது நிஜமா நடைமுறைக்கு வந்தது 1928 வாக்கில், முத்தையா முதலியார் அமைச்சரா இருந்தப்போ. 1947இல் ஓமந்தூரார் காலத்தில் அதைத் திருத்தினாங்க. ஒவ்வொரு 14 இடத்துக்கும்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜன் 2 (அன்றைய சொல்), ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1.

இதுல 'பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2' என்பதை கவனிங்க. பிராமணரல்லாதார்னு ஒரே பெட்டியா வெச்சிருந்த வரைக்கும், அதுக்குள்ள நிலமும் படிப்பும் ஏற்கனவே இருந்த சாதிகளே முன்னால நின்னாங்க. அதனாலதான் தனிப்பெட்டி கேட்டாங்க. நம்ம பக்கத்து வரலாற்றைச் சொல்லும்போது இந்த இடத்தை வேகமா தாண்டிடுறோம், தாண்டக் கூடாது.

இப்போ வழக்கு. 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் வருது. ஜூன் மாசம் செண்பகம் துரைராஜன் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போறாங்க. கேட்டது மருத்துவக் கல்லூரி. கூடவே இன்னொரு வழக்கு, சி.ஆர். சீனிவாசன் போட்டது. அவர் கேட்டது கிண்டி அரசுப் பொறியியல் கல்லூரி. இன்டர்மீடியட்ல முதல் வகுப்பு, விருப்பப் பாடங்களில் 450க்கு 369. ஜூலை 27ஆம் தேதி தலைமை நீதிபதி ராஜமன்னார் தலைமையிலான அமர்வு ஜி.ஓ. செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 1951 ஏப்ரல் 9 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளும் அதையே உறுதி செஞ்சாங்க.

இதுல எனக்கு முதல் அதிர்ச்சி: செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதா அவங்க மனுவில் இல்லை. விசாரிச்சதுல, பிராமணர் என்பதால் கிடைக்காதுன்னு தெரிஞ்சதாத்தான் சொல்றாங்க. அரசுத் தரப்பு இதை ஆட்சேபிக்கவே இல்லை. ஜெயிச்சா ஒரு சீட் ஒதுக்குறோம்னுகூட ஒத்துக்கிட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டே, 'விண்ணப்பிக்காம வந்து உரிமை போச்சுன்னு சொல்றதை நாங்க ஏத்துக்கிட்டதா நினைக்காதீங்க'ங்கிற பொருளில் எழுதி வெச்சிருக்கு. விண்ணப்பம் போட்டு, மார்க்கோட நின்ன சீனிவாசன் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வழக்குக்குப் பெயர் செண்பகம்.

சீனிவாசனை நான் சாதாரணமா ஒதுக்க விரும்பல. மார்க் மட்டும் பார்த்திருந்தா ரெண்டு பேருக்கும் இடம் கிடைச்சிருக்கும்னு அரசின் அட்வகேட் ஜெனரலே ஒத்துக்கிட்டார். சட்டமும் அவங்க பக்கம்தான் இருந்தது. அரசு வேலைக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 16(4) அனுமதிக்குது. கல்வி நிலையச் சேர்க்கை பற்றிய 29(2)இல் அப்படி ஒரு விதிவிலக்கு அப்போ இல்லை. எழுதினவங்க விட்டுட்டாங்க. சீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். கோடு எழுதினவரே வந்து பக் காட்டின மாதிரி.

இரண்டாவது அதிர்ச்சிக்குத்தான் இந்த எபிசோடே. தீர்ப்பின் ஆரம்பத்திலேயே இடக் கணக்கு இருக்கு. நான்கு பொறியியல் கல்லூரிகளில் மொத்தம் 395 இடம். அதுல 21 வெளிமாநிலத்தவருக்கு. 12 இடம் அரசு தன் விருப்பப்படி கொடுக்க. மிச்சத்தை நான்கு மாவட்டத் தொகுப்புகளாப் பிரிச்சு, அதுக்குள்ளதான் சாதிவாரிக் கணக்கு. மருத்துவத்தில் 330 இடம்: 17 வெளிமாநிலம், 12 அரசு விருப்பம், அப்புறம் மாவட்டம். பெண்களுக்குக் குறைந்தது 20 சதவிகிதம்.

நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். 395இல் 33 போக 362. பதினாலுக்கு 2 வீதம் பிராமண மாணவர்களுக்குச் சுமார் 52 இடம். சீனிவாசன் போட்டி போட்டது அந்த 52இல், அதுவும் தன் மாவட்டத் தொகுப்புக்குள்ள. சரி, அநியாயம்னு அவருக்குத் தோணியிருக்கும். ஆனா அந்தப் பட்டியலில் மார்க்கைத் தாண்டின வேற கோடுகளும் இருக்கே? அரசு இஷ்டப்பட்டுக் கொடுக்கிற 12 இடத்துக்கு மார்க் என்ன? ஊர் என்ன? வழக்கு அதைப் பத்தினதே இல்லை. 29(2) பேசுறது மதம், இனம், சாதி, மொழி மட்டும்தான், அதனால சட்டப்படி கேள்வி சாதிக் கோட்டோட நின்னுடுச்சு. எழுபது வருஷமா கேன்டீன் பேச்சும் அதே கோட்டோட நிக்குது. அதுக்கு எந்தச் சட்டப் பிரிவும் காரணம் இல்லை.

மிச்சக் கோடுகள் பின்னாடி கோர்ட்டுக்கு வந்தது. மாவட்டவாரிப் பங்கீட்டை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செஞ்சது. இப்படிப் பிரிக்கலைன்னா சென்னை நகரத்துப் பிள்ளைங்களே நிறைய இடத்தை எடுத்துக்குவாங்கன்னு அரசு சொன்னது. அது காரணமாகாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நான் ஒரு சின்ன டவுன்ல படிச்சவன், அரசு சொன்னதுதான் எனக்குச் சரியாப் படுது. 1971இல் பெரியகருப்பன் வழக்கு, எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வு பற்றியது. அதுக்கு மட்டும் 75 மார்க். நேர்ல பார்த்து 75 மார்க் போடுற கமிட்டிக்கு எவ்வளவு அதிகாரம்னு யோசிங்க.

1951க்கு வருவோம். தீர்ப்புகள் இங்கே பெரிய போராட்டத்தைக் கிளப்பிச்சு, பெரியார் முன்னால நின்னார். மே 12 அன்னைக்கு நேரு திருத்த மசோதாவைக் கொண்டுவர்றார், ஜூன் 18இல் ஒப்புதல். முதல் அரசியல் சட்டத் திருத்தம். 15(4) அதில்தான் வந்தது. ஆனா அதே பொட்டலத்தில் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளும் வந்தது. அப்போ பொதுத்தேர்தலே நடக்கல, தற்காலிக நாடாளுமன்றம்தான். 15(4)ஐக் கொண்டாடுற நாம இந்தப் பகுதியையும் சொல்லணும். அதே திருத்தம் உருவாக்கினதுதான் ஒன்பதாவது அட்டவணை. 43 வருஷம் கழிச்சு, 1994இல், தமிழ்நாட்டின் 69 சதவிகிதச் சட்டம் போய் உட்கார்ந்தது அங்கேதான்.

இனி என் கதை. 2014, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங். சீனிவாசன் கேட்ட அதே கிண்டி வளாகம். திரையில் கல்லூரி வாரியா ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சிஏ, எஸ்சி, எஸ்டின்னு இடங்கள் ஒவ்வொண்ணா குறைஞ்சுக்கிட்டே வரும். அப்பா கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். எல்லாருக்கும் முன்னாடி, வெளிப்படையா. ஆனா சுயநிதிக் கல்லூரிகளில் 35 சதவிகிதம் வரை மேனேஜ்மென்ட் சீட். சிறுபான்மைக் கல்லூரின்னா 50. அதுக்கு அந்த ஹால்ல திரை கிடையாது.

என் நண்பன் மேனேஜ்மென்ட் சீட்ல படிச்சவன். அவனே முதல் வருஷம் சொன்னது, மறைக்கல. நல்ல இன்ஜினியர், என் கோடை ரிவ்யூ பண்றதே அவன்தான். அவன்கிட்ட யாரும் 'நீ எந்தக் கோட்டா'ன்னு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

தீர்ப்போட பிடிஎஃப்பை அவனுக்கு அனுப்பினேன், இடக் கணக்கு இருக்கிற பத்தியில் மஞ்சள் அடிச்சு. ரெண்டு நாள் கழிச்சு, "சீனிவாசன் பாவம்டா"ன்னு மட்டும் பதில் வந்தது. ஆமா, பாவம்தான்னு நானும் போட்டேன். 12 சீட்டைப் பத்தி அவன் எதுவும் எழுதல. திங்கட்கிழமை கேன்டீன்ல கேட்கணும்.