லயத்துக் கொல்லையும் பட்டணத்துப் பாத்தியும்



ஜித்ரா பட்டணத்துத் தாமான்களில் ஒரு மாலை வேளை நடந்து பாருங்கள். வீட்டு வேலிக்கும் கால்வாய்க்கும் இடையே இரண்டடி மண் கிடந்தாலும் அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கும். பழைய சாயவாளியில் வெண்டை காய்த்திருக்கும். வேலிக் கம்பியில் பாகற்கொடி ஏறியிருக்கும். அந்த வீட்டுக்காரரை விசாரித்தால், "நாங்கள் முன்பு தோட்டத்தில் இருந்தவர்கள்" என்று சொல்வார். பட்டணத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் இந்தக் கை ஏன் மண்ணைத் தேடுகிறது? அந்தக் கதையைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

கெடா மாநிலத்தை நாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். குபாங் பாசு வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளிதான். ஆனால் அந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் முன்னோருக்குச் சொந்தமாக ஒரு பிடி நெல்லும் இல்லை. அவர்கள் உண்டது தோட்டத்துக் கடையில் வாங்கிய அரிசி. அந்நாளில் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் தருவித்தது. ரப்பரை விற்று அரிசி வாங்குவது ஆட்சியாளர்களின் கணக்கு. கப்பல் வரும்வரை அந்தக் கணக்கு சரிதான். வராவிட்டால்?

அந்தக் கேள்வி முதல் உலகப் போரின் முடிவில் வந்தது. 1918ஆம் ஆண்டில் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி இந்தியாவுக்கே தேவைப்பட்டது. 1919இல் சயாமிலும் விளைச்சல் குறைந்து, ஏற்றுமதிக்குத் தடை வந்தது. மலாயாவில் அரிசி விலை ஏறியது. அரசாங்கமே அரிசியை வாங்கிப் பங்கிட வேண்டியதாயிற்று. தோட்டங்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியில் உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் வலுவாக எழுந்தது.

பின்னர், 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிர் செய்வதற்கு ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பதே அது. பதினாறில் ஒரு பங்கு என்றால் சுமார் 2,700 சதுர அடி. இன்றைய தாமானில் 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட வீட்டு மனை இரண்டைச் சேர்த்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். ஏட்டில் பார்க்கையில் நல்ல விதி. ஆனால் விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் சுமந்து, பிற்பகலில் வீடு திரும்பியவருக்கு மண்வெட்டி பிடிக்க எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கும்? அதனால் தூரத்து நிலத்தைவிட லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லையே நம்மவருக்குக் கைகொடுத்தது.

அந்தக் கொல்லை பெரும்பாலும் பெண்களின் ஆட்சி. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போயிற்று. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் எருவாயின. முருங்கை, கத்திரி, அவரை, புடலை, தண்டுக்கீரை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் இல்லாதது அடுத்த வீட்டிலிருந்து வரும். கூலி குறைந்த மாதத்திலும் குழம்பில் காய் கிடந்ததற்கு அந்தப் பெண்களின் உழைப்பே காரணம்.

பெருஞ்சோதனை 1941 டிசம்பரில் வந்தது. டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் சயாம் கரையிலும் இறங்கின. 11ஆம் நாள் முதல் 13ஆம் நாள் வரை நம் ஜித்ராவிலேயே போர் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படை தோற்றுத் தெற்கே பின்வாங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் விழுந்தது.

அதன்பின் ரப்பரை வாங்க ஆளில்லை. கூலி நின்றது, பர்மா அரிசியும் நின்றது. 1943 அக்டோபரில் கெடா மாநிலமே சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. நெல் விளையும் மாநிலமாயிருந்தும் தோட்டத்துப் பானையில் அரிசி கொதிக்கவில்லை. ஜப்பானிய நிர்வாகம் எல்லாரையும் உணவுப் பயிர் செய்யச் சொன்னது. பூங்கொல்லை இருந்த இடத்திலும், விளையாட்டுத் திடலிலும், ரப்பர் மரங்களை அழித்த இடத்திலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் முளைத்தன. பட்டணத்து மக்களும் அப்போதுதான் வாசலைக் கொத்தினார்கள்.

மரவள்ளி உயிர் காத்தது உண்மை. ஆனால் அதைப் புகழ்ந்து பாடிவிட்டுப் போக முடியாது. அதில் மாவுச்சத்து உண்டு. உடலை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. கசப்பு வகையைத் தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைக்காவிட்டால் அதிலுள்ள நஞ்சு ஆளையே சாய்த்துவிடும். கிழங்கை மட்டும் உண்ட குழந்தைகள் வயிறு பருத்துக் கைகால் மெலிந்தார்கள். கிழங்கோடு முருங்கைக் கீரையும் பயறும் சேர்ந்த வீடுகள் கொஞ்சம் தாக்குப் பிடித்தன. இன்னொன்றையும் மறக்கலாகாது. சயாம் மரண ரயில் பாதை போடுவதற்குப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டு போனார்கள். பலர் திரும்பவில்லை. கொல்லையில் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களில் பலர், கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாத தாய்மார்கள்.

போர் முடிந்தது; அமைதி வரவில்லை. 1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்தோருக்கு உணவு போகக் கூடாதென்று தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசி பங்கீடாயிற்று. வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டு போவதும் குற்றமாயிற்று. நேற்றுவரை உயிர் காத்த மரவள்ளி, இன்று சந்தேகத்துக்குரிய செடியானது. உணவை விளைவிக்கும் உரிமை எத்தனை எளிதில் பறிபோகக்கூடியது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

விடுதலைக்குப் பிறகு காற்று மாறியது. 1970 முதல் முடா நீர்ப்பாசனத் திட்டத்தால் கெடா சமவெளியில் இருபோகம் விளைந்தது. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலையும் உணவு விலையும் உயர்ந்தன. அடுத்த ஆண்டே பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள் என்பதே அதன் சாரம். பள்ளிக்கூட வளாகங்களிலும் பாத்திகள் தோன்றின.

ஆனால் அதே காலத்தில் தோட்டங்கள் கைமாறிக் கொண்டிருந்தன. சில துண்டு துண்டாக விற்கப்பட்டன; சில செம்பனைக்கு மாறின; சில வீட்டு மனைகளாயின. நாங்கள் வாழ்ந்த தோட்டமும் ஒருநாள் கைமாறியது. வீட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது; சம்பள பாக்கியைப் பற்றிப் பேச்சு நடந்தது. கொல்லையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பாட்டி நட்ட முருங்கைக்கும் பலாவுக்கும் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் முருங்கையில் ஒரு போத்தை வெட்டிச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினோம். பட்டணத்து வீட்டு வாசலில் அது துளிர்த்தது. நாங்கள் கொண்டுவந்த சொத்து அதுதான்.

நம் வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உழைப்பு நம்முடையது, மண் நம்முடையதன்று. மூன்று தலைமுறை பயிர் செய்தோம். காகிதம் மட்டும் நம் கையில் இருந்ததில்லை.

உலகத்திலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பூங்காக்களை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் எழுந்தன. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபின் எண்ணெயும் உரமும் கிடைக்காத கியூபா மக்கள், ஹவானா நகரத்துக் காலிமனைகளில் காய்கறி விளைவித்தார்கள். முடை வரும்போதெல்லாம் நகரம் மண்ணைத் தேடுகிறது. முடை தீர்ந்ததும் மறந்துவிடுகிறது.

நாமும் அப்படித்தான். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, கேமரன் மலையில் காய்கறி விற்க வழியின்றிக் கொட்டப்பட்டது. பட்டணத்தில் அதே காய்கறியைத் தேடி அலைந்தோம். அந்த ஆண்டில் மலேசியா 5,000 கோடி வெள்ளிக்கு மேல் உணவை இறக்குமதி செய்தது. கப்பலை நம்பிய பழைய கணக்கு இன்னும் முழுதும் மாறவில்லை.

அடுக்குமாடி வீட்டில் கொல்லை ஏது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கூட்டுத் தோட்டம். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு காலிமனையைத் திருத்தலாம். ஆனால் முதல் வேலை மண்வெட்டி எடுப்பதன்று. அந்த நிலம் யாருடையது என்று விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி வாங்குவதே முதல் வேலை. எத்தனை ஆண்டுக்கு என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். அடுத்தது தண்ணீருக்கு வழி. பிறகு முறை வைத்து வேலை செய்வதற்கு ஒரு பட்டியல். விளைச்சலைப் பங்கிட ஒரு கணக்கு. வாளியிலும் டயரிலும் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பிறக்கும்; டிங்கிக் காய்ச்சல் வரும். வாரம் தவறாமல் கவிழ்த்துக் கொட்ட வேண்டும்.

இதனால் குடும்பச் செலவு முழுதும் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நான்கு பாத்தி கீரை, கூலி உயர்வுக்கு ஈடாகாது. எனினும் நம் பிள்ளைகள் விதை முளைப்பதைக் காண்பார்கள். பக்கத்து வீட்டாரோடு பேசுவார்கள். பாட்டிமார் பட்ட பாட்டைக் கொஞ்சம் அறிவார்கள். அந்தப் பாட்டிமாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். எந்த மாதத்தில் எதை நட்டார்கள், கிழங்கை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

இந்த முறை நடும் கன்றுக்குப் பக்கத்தில், நம் பெயர் எழுதிய ஒரு காகிதமும் இருக்கட்டும்.