தம்பியும் தங்கையும்: மைக்கேல் தில்லன் காத்த மறைவு

இங்கிலாந்தில் 1939இல் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரைகளை உட்கொள்ளத் தொடங்கிய மைக்கேல் தில்லனை, அச்சிகிச்சை பெற்ற முதல் திருநம்பியாகப் பலர் கருதுவர். 1944இல் அவரது பிறப்புப் பதிவு திருத்தப்பட்டது. பாலினமும் ஹார்மோன்களும் குறித்து 1946இல் ‘செல்ஃப்’ என்னும் நூலையும் வெளியிட்டார். தம்மைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பின்னர் மருத்துவம் பயின்று கப்பல் மருத்துவரானார்.

மறைவைக் குலைத்தவை குடும்ப ஏடுகள். தமையன் ராபர்ட், ஆண்வழியே இறங்கும் பாரனெட் பட்டத்தை உடையவர். பிரபுக் குடும்பங்களின் வரிசையைத் தரும் டெப்ரெட், தில்லனின் வேண்டுகோளை ஏற்று அவரைத் தம்பி எனவும் அடுத்த வாரிசு எனவும் குறித்தது. அத்தகைய மற்றொரு நூலாகிய பர்க்கிலோ அவர் தங்கையாகவே நின்றார். உறவுப்பெயர் ஒன்றின் வேறுபாடுதான். ஆயினும் சொத்தும் பட்டமும் அதைச் சார்ந்திருந்தன. 1958இல் இம்முரண் வெளிப்பட, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கே செய்தியாளர் தேடி வந்தனர்.

தில்லன் இந்தியா வந்தார். வங்கத்தின் கலிம்போங்கில், ஆங்கிலேயப் பௌத்தத் துறவி சங்கரக்ஷிதரிடம் தங்கிப் பயின்றார். பின்னர் லடாக்கின் ரிசோங் மடத்தில் இளந்துறவியாக வாழ்ந்தார். 1962இல் டல்ஹௌசியில் மறைந்தார். இறக்கும் முன் எழுதி முடித்த தன்வரலாற்றை எரித்துவிடவே தமையன் விரும்பினார் என்பர். அது 2016இல்தான் அச்சேறியது.